பழைய காரில் கரண்ட் கோளாறு: வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கும் வழி

செல்ஃப் இழுக்கவில்லை என்று பேட்டரியை மாற்றுவார்கள். சில வாரம் கழித்து அதே கோளாறு திரும்பும். இந்த முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். கடைசியில் பார்த்தால், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் ஓடும் எர்த் பட்டை துருவேறி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும். பழைய காரில் பணம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். பாகங்கள் அத்தனை சீக்கிரம் சாவதில்லை. பாகங்களை இணைக்கும் முனைகளும் எர்த் போல்ட்டுகளும் சுவிட்ச் காண்டாக்ட்டுகளும்தான் முதலில் போகின்றன. ஆகவே எந்தப் பாகம் கெட்டது என்று தேடாதீர்கள். வோல்ட் எந்த இடத்தில் தொலைகிறது என்று தேடுங்கள். ஒரு மல்டிமீட்டரும் ஒரு பல்பும் இருந்தால் அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே சொல்வது கார்புரேட்டர் மாருதி 800, அம்பாசிடர், பத்மினி போன்ற 12 வோல்ட் வண்டிகளுக்கு. எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியாக இருந்தால் பேட்டரி, எர்த், சார்ஜ், விளக்கு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஆனால் கம்ப்யூட்டருக்கும் சென்சார்களுக்கும் போகும் ஒயர்களில் பல்பு டெஸ்டரை வைக்கவே கூடாது. பல்பு இழுக்கும் கரண்டை அந்த மெல்லிய சர்க்யூட்டுகள் தாங்காது.

தேவையான சாமான்கள்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. விலை மலிவானதே போதும். 10 ஆம்பியர் வரை டிசி கரண்ட் அளக்கத் தெரிந்ததாக இருக்கட்டும். அதோடு கையால் செய்த டெஸ்ட் லேம்ப் இரண்டு: ஒன்றில் 12 வோல்ட் 5 வாட் பல்பு, இன்னொன்றில் பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு. ஹோல்டரில் இரண்டு முழ ஒயர் பிடித்து நுனியில் குரோக்கடைல் கிளிப் மாட்டினால் வேலை முடிந்தது. 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியரும், 21 வாட் பல்பு சுமார் 1.75 ஆம்பியரும் இழுக்கும். மீட்டரை விட இந்த 21 வாட் பல்பு பல இடங்களில் நம்பகமானது. காரணம் பின்னால் வரும்.

இவை தவிர 10 மி.மீ. ஸ்பேனர், 220 நம்பர் உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், ஆப்பசோடா, வாசலின், சரியான ஆம்பியரில் சில உதிரி பியூஸ்கள். வண்டியின் ஒயரிங் படம் ஒரு பிரதி கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

கை வைக்கும் முன்

மோதிரம், உலோகப் பட்டை போட்ட வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மோதிரம் மாட்டினால் அது நொடியில் பழுத்துவிடும், விரலோடு சேர்த்து. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து, காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் தீப்பொறி கூடாது. பெட்ரோல் வாடையோ கேஸ் வாடையோ அடித்தால் அந்தக் கசிவை முதலில் சரிசெய்யுங்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் முழு ஷார்ட். மைனஸ் கழன்ற பிறகு அதே ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். எந்த முனையின் கேபிள் பாடியில் போல்ட் ஆகியிருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். அப்படி இருந்தால் கீழே சொல்லும் பிளஸ், மைனஸ் எல்லாவற்றையும் மாற்றிப் படிக்கவும்.

முதலில் கண், பிறகு மீட்டர்

கால் மணி நேரம் வெறுமனே பாருங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? கிளாம்ப்பைக் கையால் திருகினால் அசைகிறதா? பியூஸ் பாக்ஸில் எந்தப் பிளாஸ்டிக்காவது பழுப்பாக உருகியிருக்கிறதா? அங்கே சூடு ஏறியிருக்கிறது என்றால் காண்டாக்ட் மோசம் என்று பொருள். டாஷ்போர்டுக்குக் கீழே கை விட்டால் டேப் சுற்றிய ஒட்டுகள் எத்தனை வருகின்றன? ஸ்டீரியோ, அலாரம், சென்ட்ரல் லாக், கூடுதல் ஹாரன் என்று பிற்பாடு சேர்த்த எல்லாவற்றையும் முதல் சந்தேகத்தில் வையுங்கள். கம்பெனி ஒயரிங்கை வெட்டி, முறுக்கி, டேப் ஒட்டிய இடம் வெயிலில் பசை இளகி எப்படியும் ஒருநாள் அவிழும்.

நிறுத்தியே வைத்திருந்த வண்டி என்றால் எலி. ஏர் ஃபில்டர் பாக்ஸ், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓரம், சீட்டுக்கு அடியில் என்று மூன்று இடங்களில் தேடுங்கள். ஒயரின் மேலுறை மட்டும் கடிபட்டு செம்பு தெரியும். வெயில் நாளில் ஒன்றும் செய்யாது, முதல் மழையில் பியூஸைத் தின்னும். கடலோர ஊர்களில் செம்பு மேலுறைக்கு உள்ளேயே பச்சை பிடித்து ஓடும். வெளியே நன்றாக இருக்கும் ஒயரை வளைத்துப் பார்த்தால் மொறுமொறுவென்று உடையும்.

பேட்டரி: மூன்று அளவுகள்

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் எதையும் போடாமல் அளக்கவும். மீட்டர் டிசி 20 வோல்ட் ரேஞ்சில். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், ஈய முனையின் மேலேயே வையுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம்; ஒரு செல் சுமார் 2.1 வோல்ட்.

இரண்டாவது அளவு செல்ஃப் அடிக்கும்போது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் பிளஸ் ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிடுங்கள். ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கவும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. முழு சார்ஜில் இருந்த பேட்டரியே 9-க்கும் 8-க்கும் இறங்கினால் பேட்டரி முடிந்தது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள்; நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

மூன்றாவது, மூடி திறக்கும் பேட்டரியானால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். ஆறு செல்லிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட 0.050 குறைவாகக் காட்டினால் அந்தப் பேட்டரியைச் சார்ஜருக்குக் கொண்டுபோவதில் பயன் இல்லை. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவும், ஆசிட் கூடாது.

முனைகளைச் சுத்தம் செய்வது எளிது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரையும். செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. தண்ணீரில் அலசி, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, கிளாம்ப்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவ வேண்டாம்.

வோல்ட் தொலையும் இடத்தைப் பிடிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு கேபிள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பலர் மீட்டரை ஓம்ஸில் வைத்து "பீப்" சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். அது ஒன்றையும் சொல்லாது. நூறு இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் கேட்கும். செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியருக்கு 1 வோல்ட் போய்விடும். உங்கள் மீட்டரின் இரண்டு ஒயர்களைச் சேர்த்துத் தொட்டாலே 0.3 ஓம் காட்டும். அதை வைத்து 0.01-ஐ எப்படிப் பிடிப்பது? வெறுமனே வோல்ட் அளப்பதும் ஏமாற்றும். பாதி அடைத்த குழாயில் பைப்பைத் திறக்காதவரை அழுத்தம் சரியாகவே இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக வரும். கரண்ட் ஓடும்போது அளந்தால் மட்டுமே குறை வெளியே வரும். 21 வாட் பல்பை நம்பச் சொன்னதும் இதனால்தான்: அது கரண்டை இழுத்துப் பார்க்கிறது, மீட்டர் இழுப்பதில்லை.

செய்முறை இது. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயத்தில் வையுங்கள். கறுப்பு முனையை, செல்ஃப் மோட்டாரில் அந்தத் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். இப்போது மீட்டர் பூஜ்யம் காட்டும். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வரும் எண்தான் வழியில் தொலையும் வோல்ட். 0.5 வரை பரவாயில்லை. ஒன்று, ஒன்றரை என்று வந்தால் துண்டு துண்டாகப் பிரித்து அளக்கவும்: ஈயத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில், கிளாம்ப்புக்கும் கேபிளின் மறுமுனைத் திம்பிளுக்கும் (நுனியில் அழுத்திய உலோக முனை) நடுவில், திம்பிளுக்கும் போல்ட்டுக்கும் நடுவில். ஒரு இணைப்பில் 0.1-க்கு மேல் போகக்கூடாது. எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு, ஊகத்துக்கு இடமே இல்லை.

எர்த் பக்கமும் இதே மாதிரி. சிவப்பை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில், கறுப்பைப் பேட்டரி மைனஸ் ஈயத்தில் வைத்து செல்ஃப் அடித்தால் 0.3-க்குள் இருக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு இயல்பாகத் தொடர்பு கிடையாது. எர்த் பட்டை ஒன்றுதான் வழி. அது போனால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சுட்டால், அல்லது அடிக்கடி கேபிள் இறுகிப்போனால், எர்த் பட்டையைப் பாருங்கள். கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் தேய்த்து எடுத்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கவும். சந்தேகம் இருந்தால் கூடுதலாக ஒரு பட்டை போடுங்கள். அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

செல்ஃப் என்ன சத்தம் போடுகிறது?

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

"கடகடகட" என்று தொடர்ந்து தட்டி, விளக்கு துடித்தால் பேட்டரி சார்ஜ் இல்லை அல்லது கிளாம்ப் லூஸ். ஒரே ஒரு "டக்", விளக்கு முற்றிலும் மங்கினால் பேட்டரி வலு இல்லை, இல்லையேல் மோட்டார் இறுகியிருக்கிறது. ஒரு "டக்", ஆனால் விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை: சாலினாய்டு (சாவி திருப்பியதும் மோட்டாருக்குக் கரண்டை விடும் பெரிய சுவிட்ச்) காண்டாக்ட் தேய்ந்திருக்கும் அல்லது கார்பன் பிரஷ் முடிந்திருக்கும். சாலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் மீட்டர் வையுங்கள். சாவி திருப்பாதபோது 12 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 0.3-க்குள் விழ வேண்டும். விழாமல் நின்றால் சாலினாய்டு.

சத்தமே இல்லை என்றால் சாலினாய்டுக்கு வரும் சின்ன ஒயரில் 21 வாட் பல்பை வைத்து, மறுமுனையை எர்த் செய்து சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் கோளாறு சாலினாய்டில். மங்கலாக எரிந்தால் அல்லது எரியவே இல்லை என்றால் சாவி சுவிட்ச் அல்லது அதன் ஒயர்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைத்த காயில் ஒயரை மாட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள். மாட்டியிருந்தால் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனையைக் காயிலின் மைனஸில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 5 வாட் பல்பு மினுக்கி மினுக்கி எரிந்தால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை வெட்டி விடும் காண்டாக்ட்) திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் திறக்கவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் மூடவில்லை அல்லது முகம் கரிந்திருக்கிறது.

சார்ஜ் ஏறுகிறதா

எஞ்சின் ஓடும்போது, சற்றே ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.2-க்குக் கீழே இறங்கக்கூடாது. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கிறது அல்லது ரெகுலேட்டருக்கு எர்த் சரியில்லை. அந்த நிலையில் ஓட்டினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும்.

சார்ஜ் குறைவு என்றால் பெல்ட்டை முதலில் பாருங்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம். பிறகு டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கு. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் அலட்சியமாக விடாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்களுக்கு (பெல்ட்டில் சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்பவை) முதல் கரண்டே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. சின்னப் பல்பு ஒன்று போனதற்காக முழு ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் உண்டு. அடுத்து ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில், விளக்கெல்லாம் எரியும்போது இழப்பை அளக்கவும். 0.3-க்கு மேல் என்றால் ஒயரில் குறை. இவ்வளவும் சரி என்றால்தான் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ வைத்த வண்டியில் ஐடிலிங்கில் சார்ஜ் ஏறாது. சார்ஜ் விளக்கு லேசாக மினுக்குவது இயல்பு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "டைனமோ வேலை செய்கிறதா" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பேட்டரி இல்லாமல் வோல்ட் எகிறி, டயோடும் ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே போகலாம்.

நின்ற வண்டியில் பேட்டரி இறங்கினால்

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். கழற்றிய கேபிளுக்கும் ஈயத்துக்கும் நடுவில் முதலில் 5 வாட் பல்பை வைக்கவும். பளிச்சென்று எரிந்தால் கசிவு பெரியது. மீட்டரை வைக்க வேண்டாம், பல்பை வைத்தே தேடலாம். எரியவில்லை என்றால் மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி அதே இடத்தில் வைக்கவும். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது.

கடிகாரமும் ஸ்டீரியோ மெமரியும் மட்டும் உள்ள வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 250 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த சர்க்யூட். டிக்கி விளக்கு, கிளவ் பாக்ஸ் விளக்கு, கதவு சுவிட்ச், ஸ்டீரியோ என்ற வரிசையில் பாருங்கள். எல்லா பியூஸையும் எடுத்தும் விழவில்லை என்றால் பியூஸ் வழியாகப் போகாதவை மிச்சம்: ஆல்டர்னேட்டர், செல்ஃப், சாவி சுவிட்ச். பேட்டரி இணைப்பு இல்லாதபோது ஆல்டர்னேட்டரின் பெரிய ஒயரைக் கழற்றி டேப் சுற்றி, மறுபடி அளந்து எண் விழுந்தால் டயோடு கசிகிறது. ராத்திரி நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருப்பதும் அதே அடையாளம்.

முடித்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்குத் திருப்பி மாட்டுங்கள். மறந்துவிட்டு அடுத்து பேட்டரி வோல்ட் அளக்கப்போனால் நேரடி ஷார்ட். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பியூஸ்கூட இருக்காது.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பெரிய பியூஸ் போடாதீர்கள். ஜிகினாத்தாள் சுற்றுவது, செம்புக் கம்பி கட்டுவது எல்லாம் வண்டியை எரிக்கும் வழி. பிளேடு பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். முதலில் அந்த இடத்தில் சரியானதுதான் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன பியூஸ் இருந்த இரண்டு காண்டாக்ட்டுகளில் 21 வாட் பல்பை மாட்டுங்கள். அந்த சர்க்யூட்டில் உள்ள விளக்கு, மோட்டார் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு அல்லது கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது. பல்பு கரண்டைக் கட்டுப்படுத்துவதால் எதுவும் எரிந்துபோகாது, பியூஸும் வீணாகாது. இப்போது ஒயர் கட்டைப் பியூஸ் பாக்ஸிலிருந்து தொடங்கி கை கையாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு அணையும் இடம், ஷார்ட்டின் இடம். ஃபயர்வாலைத் துளைத்து வரும் ரப்பர், கதவுக் கீல், டிக்கிக் கீல், சீட் தண்டவாளம் ஆகிய நான்கையும் முதலில் அசையுங்கள்.

விளக்குகள்

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது: பின் விளக்குக்கு எர்த் இல்லை, கரண்ட் வேறு பல்பு வழியாகத் திரும்புகிறது. பல்பை மாற்றிக்கொண்டிருக்காமல் எர்த் ஒயரைப் பாருங்கள். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது 21 வாட்டுக்குப் பதில் வேறு பல்போ எல்.இ.டி-யோ போட்டிருக்கிறார்கள்.

ஹெட்லைட் மஞ்சளாக, சோம்பலாக எரிவது பழைய கார்களின் பொது நோய். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். விளக்கு எரியும்போதே, பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பு சாக்கெட்டின் பின்புறமுள்ள பிளஸ் ஒயருக்கும் நடுவில் இழப்பை அளக்கவும். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வண்டியில் முழுக் கரண்டும் ஸ்டீரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகப் போய்வருவதால் 2 வோல்ட் தொலைவது சாதாரணம். 100 வாட் பல்பு வாங்கிப் போட்டால் சுவிட்ச் உருகும், வேறு பலன் இல்லை. ஹை, லோ இரண்டுக்கும் ஒவ்வொரு ரிலே போடுங்கள்: 30-ம் நம்பர் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ், 87-லிருந்து இரண்டு பல்புக்கும், பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த். 60/55 வாட் எச்4 பல்பு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர்தான், இந்த அளவு தாராளம்.

ஒட்டுப் போடும்போது முறுக்கி டேப் சுற்றுவதை விடுங்கள். திம்பிளை அதற்குரிய பிளையரால் அழுத்திப் பிடித்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுடவையுங்கள். வீட்டு ஒயரிங்குக்கான கம்பி வேண்டாம். அதன் இழைகள் தடிமனானவை, வண்டியின் அதிர்வில் ஒடியும்.

ஆல்டர்னேட்டரைப் பிரிப்பது, செல்ஃப் ஆர்மேச்சர், டாஷ்போர்டுக்குள் எரிந்த ஒயர் கட்டு ஆகியவற்றை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது. போகும்போது அளந்த எண்களைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: நின்ற வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது வந்த வோல்ட், சார்ஜ் வோல்ட், பிளஸ் பக்க இழப்பு, எர்த் பக்க இழப்பு. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அதே ஐந்தையும் அங்கேயே மறுபடி அளந்து பாருங்கள்.